கதிர் தேர்ந்தெடுக்கும் ஆடு

1930களில் அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ பகுதிகளில் வாழும் நவஹோ மக்களின் ஆடுகளை அரசு எண்ணத் தொடங்கியது. எண்ணி முடித்ததும் குறைக்கத் தொடங்கியது. மேய்ச்சல் மிஞ்சிவிட்டது, மண் அரித்துக்கொண்டு கொலராடோ ஆற்றில் இறங்குகிறது, புதிதாக எழும் ஹூவர் அணையை வண்டல் அடைத்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். பல ஆடுகளை விலை கொடுத்து ஓட்டிப் போனார்கள். ஓட்டிப் போக வழியில்லாத இடங்களில் சுட்டுக் கொன்றார்கள். வளர்த்தவர்கள் கண் முன்னால் அவை குவியலாகக் கிடந்து அழுகின.

அதிகாரிகளின் கணக்கில் கடைசி இடத்தில் இருந்தது சுர்ரோ என்ற செம்மறி ஆடு. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பானியர்கள் நியூ மெக்சிகோவுக்கு ஓட்டி வந்த ஆடுகளின் வழித்தோன்றல். ஒல்லி உடம்பு, நீண்ட கால்கள், சில கிடாய்களுக்கு நான்கு கொம்பு. கறி குறைவு, ரோமமும் எடை குறைவு. சந்தைக்கு உதவாத ஆடு என்று எழுதி வைத்தார்கள். ஆனால் நவஹோப் பெண்கள் தறியில் நெய்த பழைய போர்வைகளும் விரிப்புகளும், இன்று அருங்காட்சியகங்கள் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கின்றனவே, அவை இந்த ஆட்டின் ரோமத்தில் பிறந்தவை.

அந்த மக்களின் மந்தைக்குள் ஏற்கெனவே வேறோர் ஆட்டைப் புகுத்தியிருந்தார்கள். பிரான்சில் மெரினோவிலிருந்து உருவான ராம்பூயே. மென்மையான ரோமம், எடையும் அதிகம், ஆலைக்காரர் கொண்டாடும் சரக்கு. அதைக் கையில் எடுத்த நவஹோப் பெண்கள் திணறிப் போனார்கள். இழை குட்டை. சுருள் சுருளாக நெளி. விரலில் ஒட்டும் கொழுப்பு. கழுவாமல் நூற்க முடியாது. கழுவத் தண்ணீர் வேண்டும், அந்த வறண்ட மேட்டில் தண்ணீரோ தொலைவிலிருந்து சுமந்து வருவது. கழுவிக் காயவைத்தாலும் சிக்கெடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். இத்தனைக்கும் பிறகு நூல் முடிச்சு முடிச்சாகத்தான் வந்தது. சுர்ரோவுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. அதில் கொழுப்பு குறைவு. உதறி, விரலால் பிரித்து, லேசாகச் சீவி, தொடைமேல் உருட்டி நூற்கும் நீண்ட கதிரில் அப்படியே ஏற்றிவிடலாம்.

தவறு அரசுக்கும் புரியாமல் இல்லை. கையால் நூற்பவர்களுக்கு ஏற்ற ஆட்டை உருவாக்கவென்றே நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் விங்கேட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார்கள். ரோம்னி, காரிடேல் கிடாய்களைப் பழைய ஆடுகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். 1966இல் அதை மூடியும்விட்டார்கள். 1970களில் பழைய சுர்ரோ சாயலோடு மிஞ்சியவை 450கூட இல்லை என்று கணக்கு. லைல் மெக்னீல் என்ற கால்நடை அறிவியல் பேராசிரியர் 1977இல் ஒரு மீட்புத் திட்டம் தொடங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிச் சேர்த்து இனத்தைப் பெருக்கி, நவஹோ நெசவாளர்களிடமே ஆடுகளைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த இனம் மூச்சுவிட்டது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. கையால் நூற்பதற்காகச் சிறு மந்தை வைக்க நினைக்கும் எவரும் எழுப்பும் முதல் கேள்வி, எந்த இன ஆட்டை வாங்குவது என்பது. அதற்குப் பதில் ஆலையிடம் இல்லை, சந்தையிடம் இல்லை, கால்நடை அட்டவணையில் மேலே இருக்கும் பெயரிலும் இல்லை. ஆட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியது கதிர். அதைச் சுழற்றும் கையைக் கேட்காமல் ஆட்டை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நவஹோ மக்கள் கொடுத்த விலை சாட்சி.

மென்மை மட்டும் போதுமா?

ரோமத்தின் தடிமனை மைக்ரானில் அளக்கிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். மெரினோ ரோமம் 24க்குக் கீழே. அதிலும் மிக மெல்லியவை 15க்கும் கீழே இறங்கும். லிங்கன் போன்ற நீள்ரோம ஆடுகள் 40ஐத் தொடும். தோலில் குத்துமா குத்தாதா என்பதற்கு ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. ஒரு நூலில் 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைகள் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் கழுத்தில் அரிக்கத் தொடங்கும். கம்பளி என்றாலே அரிக்கும் என்று நம்மில் பலர் நினைப்பது அந்த ஐந்தினால்தான்.

அப்படியானால் மிக மெல்லியதே நல்லது என்று தோன்றும். புதிதாக நூற்க வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். மெரினோவின் இழை குட்டை. அதன் நெளி ஸ்பிரிங் மாதிரி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைப் பிடித்து நிறுத்த நிறைய முறுக்கு வேண்டும். பழகாத கையில் ஒரு முழத்துக்கு ஒரு முறை அறுந்து விழும். கத்தரித்த ரோமத்தில் ஏறத்தாழப் பாதி எடை கொழுப்பும் வியர்வை உப்பும் மண்ணுமாகக் கழுவும்போதே போய்விடும். கழுவுவதும் ஒரு கலை. நன்றாகச் சூடான சோப்புத் தண்ணீரில் அமிழ்த்தி, கலக்காமல் அப்படியே விட வேண்டும். கொஞ்சம் கசக்கினாலும், சூட்டிலிருந்து திடீரென்று குளிர்ந்த நீருக்கு மாற்றினாலும், இழையின் மேலிருக்கும் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மொத்தமும் தகடாக இறுகிவிடும். அதன்பிறகு அதை எந்தச் சீப்பாலும் பிரிக்க முடியாது.

நான் தக்கிளியில் நூற்கப் பழகியபோது கையில் இருந்தது மெரினோதான். கடையில் கிடைத்த மிக மென்மையான சரக்கு. இரண்டு மாதம் கையோடு போராடினேன். பிறகு யாரோ கொடுத்த, கொஞ்சம் முரடான, விரல் நீளத்துக்கு இழை இருந்த ரோமத்தில் ஒரே மாலையில் நூல் ஓடியது. அன்றைக்குத்தான், குறை என் கையில் இல்லை, கைக்கும் ஆட்டுக்கும் பொருத்தம் இல்லை என்று தெரிந்தது. அந்த இரண்டு மாதத்தில் கதிரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனவர்கள் எத்தனை பேரோ என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

பழகும் கைக்கு 25 முதல் 35 மைக்ரான் வரை உள்ள நடுத்தர ரோமம், 8 முதல் 12 சென்டிமீட்டர் இழை நீளம், குறைந்த கொழுப்பு. இந்த மூன்றும் சேர்ந்து இருக்கும் ஆடு நல்ல வாத்தியார்.

துணியிலிருந்து பின்னோக்கி

ஆட்டைப் பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது, என்ன நெய்யப் போகிறோம், என்ன பின்னப் போகிறோம் என்று முடிவு செய்வது. கழுத்தில் சுற்றும் சால்வையா, அன்றாடம் உழைக்கும் ஸ்வெட்டரா, காலடியில் விரிக்கும் விரிப்பா? ஒரே ஆடு மூன்றுக்கும் சரிப்படாது.

சால்வை என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் கிடக்கும் ஷெட்லாந்து தீவுகள். அங்குள்ள ஆடு சிறியது, சுறுசுறுப்பானது, கிடைத்ததைத் தின்று வாழ்வது. அதன் கழுத்து ரோமம்தான் மிக மெல்லியது. அதைத் தனியாக எடுத்து நூற்றுப் பின்னிய சரிகைச் சால்வைகள், ஆள் உயரத்துக்கு விரிந்தாலும் ஒரு கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வந்துவிடும். அன்ஸ்ட் என்ற தீவு இந்த வேலைக்குப் பேர் போனது. இந்த ஆட்டுக்குக் கத்தரியும் தேவையில்லாமல் இருந்தது. வசந்தம் முடியும் வேளையில் பழைய ரோமம் அடியில் பலமிழந்து தானே பிரியும். மடியில் கிடத்தி விரலால் உருவி எடுத்தார்கள். கத்தரிக்கோலின் வெட்டு முனை இல்லாததால் அந்த இழை இன்னும் மென்மையாக இருக்கும். இன்றும் சில ஆடுகளிடம் அந்தப் பழைய குணம் இருக்கிறது.

ஷெட்லாந்து ஆட்டை நூற்பவர்கள் நேசிப்பதற்கு இன்னொரு காரணம் நிறம். 11 முக்கிய நிறங்கள், 30 விதக் குறிகள் என்று அந்தத் தீவு மக்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். செம்பழுப்புக்கு மூரிட், கருஞ்சாம்பலுக்கு ஷேலா, மங்கிய நீலச்சாம்பலுக்கு எம்ஸ்கெட். நம் ஊரில் மாட்டுக்கு மயிலை, காரி, செவலை என்று நிறத்தைக் கொண்டு பெயர் சொல்வோம் இல்லையா, அது போல. ஆலைகளுக்கு வெள்ளை ரோமம்தான் வேண்டும், ஏனென்றால் வெள்ளையில்தான் எந்தச் சாயமும் ஏறும். அதனால் உலகம் முழுக்க நிற ஆடுகளைக் கழித்துக்கட்டினார்கள். அந்த நிறங்களைக் காப்பாற்றியதில் ஐந்தும் பத்துமாக ஆடு வைத்துத் தாமே நூற்றவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டு விழுந்த ஜேக்கப் ஆடும் அப்படித்தான் பிழைத்தது. ஒரே ஆட்டின் ரோமத்தைத் திட்டுத் திட்டாகப் பிரித்தால் வெள்ளை, கறுப்பு, இரண்டையும் கலந்து சீவினால் சாம்பல் என்று சாயமே இல்லாமல் மூன்று நிற நூல் கிடைக்கும்.

ஸ்வெட்டருக்கு ரோம்னியும் காரிடேலும் நம்பகமானவை. காரிடேல், மெரினோவையும் லிங்கனையும் கலந்து நியூசிலாந்தில் உருவாக்கியது. மெரினோவின் மென்மை பாதி, லிங்கனின் நீளம் பாதி. கொஞ்சம் பளபளப்பும் வழவழப்பும் வேண்டுமென்றால் வட இங்கிலாந்தின் நீலமுக லெஸ்டர். வெள்ளை முடிக்குக் கீழே தோல் நீலமாகத் தெரிவதால் அந்தப் பெயர். ஆனால் அதன் ரோமம் அடர்த்தி இல்லாதது. மழை நேராக முதுகுத் தோலில் இறங்கும், கொட்டகை இல்லாமல் அதை வைத்திருக்கக் கூடாது.

நீண்ட சுருள் ரோமத்துக்கு வென்ஸ்லிடேல். இன்றைக்கு உலகில் இருக்கும் ஒவ்வொரு வென்ஸ்லிடேல் ஆட்டின் வம்சமும் ஒரே கிடாயில் போய் முடிகிறது. 1839இல் வட யார்க்‌ஷயரின் ஈஸ்ட் ஆப்பிள்டன் கிராமத்தில் பிறந்த அதன் பெயர் ப்ளூ கேப், அதாவது நீலத் தொப்பி. ஒரு கிராமத்துப் பட்டியில் பிறந்த ஒற்றைக் குட்டி ஓர் இனத்தையே தோளில் சுமந்திருக்கிறது! சாண் நீளத்துக்கு மேல் தொங்கும் அந்தச் சுருள்கள் பட்டு மாதிரி மின்னும். உறுதியான பாவு நூலுக்கு, சாயம் ஏறி ஜொலிக்க வேண்டிய வேலைக்கு அதை மிஞ்ச முடியாது. குளிர் தாங்கும் தடித்த பனியனுக்கு அது உதவாது. காற்றைப் பிடித்து வைக்கும் நெளி அதில் இல்லை.

விரிப்புக்கு? மறுபடி சுர்ரோவிடம்தான் வர வேண்டும். அதற்கு இரண்டு அடுக்கு ரோமம். உள்ளே மெல்லிய பஞ்சு, வெளியே நீண்ட தடித்த மயிர். இரண்டையும் சேர்த்து நூற்றால் காலால் மிதித்தாலும் தேயாத நூல். வேண்டுமானால் இரண்டையும் தனித்தனியே உருவிப் பிரித்து, ஒன்றில் பாவும் ஒன்றில் ஊடையும் நூற்கலாம்.

ஆறு ஆட்டுக் கணக்கு

சிறு மந்தை என்றால் எத்தனை? ஒருவர் ஆண்டு முழுவதும் நூற்பதற்கு ஆறு ஆடு ஏராளம். ஒரு ஷெட்லாந்து ஆடு ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ ரோமம் தரும். அதில் வயிற்றுப் பகுதி, சாணம் ஒட்டிய தொடைப் பகுதி ஆகியவற்றைக் கழித்து, கழுவிச் சீவினால் ஒரு ஸ்வெட்டருக்கு வேண்டிய 600, 700 கிராம் நூல் கிடைத்துவிடும். ரோம்னி போன்ற பெரிய ஆடு என்றால் மூன்று, நான்கு கிலோ. ஆறு ரோம்னி வைத்திருந்தால் அறைக்குள் சாக்குச் சாக்காகச் சேரும், நூற்று மாளாது. அந்துப்பூச்சிக்குத்தான் கொண்டாட்டம். அதேசமயம் ஒற்றை ஆடு வைக்கவே கூடாது. செம்மறி கூட்டத்தோடு வாழப் பிறந்தது. தனியாக விட்டால் பயத்திலேயே தீனி எடுக்காது. குறைந்தது மூன்று.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ரோமத்துக்காக மட்டும் என்றால் காயடித்த கிடாக்களே மேல். பெண் ஆடு சினையாகி, குட்டி ஈன்று, பால் கொடுக்கும்போது உடம்பின் சத்தெல்லாம் அங்கே போகிறது. அந்த நாட்களில் வளர்ந்த ரோமம் ஓரிடத்தில் மெலிந்துவிடும். ஒரு கற்றையை இரண்டு கையாலும் பிடித்துக் காதருகே வைத்துச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். நல்ல ரோமம் தந்தி போலத் தெறிக்கும். மெலிவு இருந்தால் சரசரவென்று முறியும். காய்ச்சலும் பட்டினியும்கூட இதே தழும்பை விட்டுப்போகும். ஆட்டின் ஓராண்டு வாழ்க்கை அந்தக் கற்றையில் எழுதியிருக்கும். காயடித்த கிடாவுக்குப் பிரசவம் இல்லை, பொலிகிடாயின் மூர்க்கமும் இல்லை. வீட்டுக் குழந்தைகள் நடுவே முட்டும் கிடாய் ஒன்றை வைத்துக்கொண்டு அவதிப்பட வேண்டாம். ஆனால் அதற்குத் தானியத்தை அள்ளிக் கொட்டக் கூடாது. சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்துச் சாகும். மாட்டுக்கு வாங்கிய தாது உப்பையும் போட்டுவிடக் கூடாது. செம்மறிக்குச் செம்புச் சத்து கொஞ்சம் மிஞ்சினாலே ஈரலில் சேர்ந்து விஷமாகும்.

குட்டி வேண்டும், இனம் பெருக வேண்டும் என்று நினைப்பவர்கள் பெண் ஆடு வைத்துப் பக்கத்துப் பட்டியிலிருந்து பருவத்துக்குக் கிடாய் கடன் வாங்குவது நல்லது.

மண் சொல்வதையும் கேட்க வேண்டும்

கை ஒரு பக்கம் தேர்ந்தெடுத்தால், நிலம் இன்னொரு பக்கம் தேர்ந்தெடுக்கும். மெரினோ வறண்ட வெளிக்குப் பழகிய ஆடு. ஓயாத மழையில் அதன் அடர்ந்த ரோமம் காயாது; உள்ளே புழுங்கி, தோல் புண்ணாகி, ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். ரோம்னி வளர்ந்ததோ இங்கிலாந்தின் கென்ட் பகுதிச் சதுப்பு நிலத்தில். ஈரத்தில் நின்றாலும் குளம்பு அழுகல் அவ்வளவாக அண்டாது என்று பெயர் பெற்றது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளின் வடமுனையில் நார்த் ரொனால்ட்சே என்றொரு தீவு. 1832இல் அந்தத் தீவைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பி, பயிரைக் காக்க ஆடுகளைக் கடற்கரைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அவை கடற்பாசியைத் தின்றே தலைமுறைகளாக வாழ்ந்துவிட்டன. செம்புச் சத்தை உறிஞ்சிச் சேர்ப்பதில் அவற்றின் உடம்பு அந்த அளவுக்குப் பழகிவிட்டதால், சாதாரணப் புல்வெளியே அவற்றுக்கு ஆபத்து. ஆடும் நிலமும் அவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கொள்ளும்.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்களில் பெரிய எதிரி ரத்தம் குடிக்கும் குடற்புழு. தென்னாப்பிரிக்காவில் ஒரு வண்ண அட்டை உருவாக்கினார்கள். கீழ் இமையைப் புரட்டி உட்புறச் சிவப்பை அட்டையின் ஐந்து நிறங்களோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுப்பது. கண் வெளுத்தால் ஆட்டுக்கு ரத்தம் சுண்டிவிட்டது என்று நம் கீதாரிகளுக்கு அட்டை இல்லாமலே தெரியும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும் என்பதுதான் அந்த அட்டை சேர்த்துச் சொல்லும் பாடம்.

நம் பட்டியில் மூன்று

தமிழ்நாட்டுக்கு வருவோம். மேச்சேரி, கீழக்கரிசல், வேம்பூர், ராமநாதபுரம் வெள்ளை, சென்னைச் சிவப்பு, கச்சைக்கட்டிக் கறுப்பு என்று நம் செம்மறிகளில் பெரும்பாலானவை முடி ஆடுகள். உடம்பை ஒட்டிய குட்டை முடி, நூற்க ஒன்றும் இருக்காது. இந்த வெயிலுக்கு அதுதான் சரி. கம்பளி தரும் இனங்கள் மூன்றுதான்: திருச்சி கறுப்பு, கோவைப் பக்கத்துக் குறும்பை, நீலகிரி.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கறுப்புக் கம்பளி இருக்கிறது. தாத்தா காலத்தது. மழைக்குக் கொங்காணி, இரவுக்குப் போர்வை, களத்தில் நெல் அளக்கும்போது விரிப்பு. அத்தனை உழைத்தும் ஓரிடத்தில்கூட நைந்து போகவில்லை. அது கறுப்புக் குறும்பாட்டின், அதாவது திருச்சி கறுப்பின் ரோமம். திருச்சி, பெரம்பலூர் பக்கத்து அந்த ஆடு உடம்பு முழுக்கக் கறுப்பு. ரோமம் முரடு, மயிர் கலந்தது. கழுத்தில் சுற்றினால் தாங்காது. ஆனால் சாயம் போடாத கறுப்பு, மழைநீரை எளிதில் உள்ளே விடாத இழை. கோவைக் குறும்பையின் வெள்ளை ரோமமும் ஏறத்தாழ 40 மைக்ரான் தொடும் முரட்டு ரகம். இவற்றை மட்டம் என்று தள்ளிய அதே வாய்தான் நவஹோ ஆட்டையும் மட்டம் என்றது. விரிப்புக்கும், பைக்கும், தோளில் போடும் கனத்த கம்பளிக்கும் இவை பொருத்தமான ஆடுகள். கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் தக்காணி ஆட்டின் ரோமத்தைக் கையால் நூற்று, பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டுக் கம்பளி நெய்யும் குறும்பர்கள் இதைத் தலைமுறைகளாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு அந்த ரோமத்தை வாங்க ஆளில்லை. கத்தரிக்கும் கூலிக்கே கட்டாததால் பல இடங்களில் வெட்டிய ரோமத்தைக் காட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். 2019 கணக்கெடுப்பின்படி 7.4 கோடி செம்மறிகள் உள்ள நாடு, மெல்லிய கம்பளிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து மெரினோ ரோமம் இறக்குமதி செய்துகொண்டிருக்கிறது. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

மூன்றாவது, நீலகிரி ஆடு. 19ஆம் நூற்றாண்டில் கோவை ஆட்டோடு டாஸ்மேனியா மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாய்களின் ரத்தம் கலந்து உதகை மலைகளில் உருவான இனம். வெள்ளை உடம்பு, அகன்று தொங்கும் காது, பெண் ஆட்டுக்குக் கொம்பு இல்லை. ரோமம் ஏறக்குறைய 27 மைக்ரான். நூற்கப் பழகும் கைக்கு ஏற்றது என்று முன்னே சொன்ன எல்லைக்குள் கச்சிதமாக விழுகிறது! மெரினோவின் மென்மையில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு, மலை மழையையும் பனியையும் தாங்கும் உள்ளூர் உடம்பை விடாமல் வைத்துக்கொண்ட ஆடு. தென்னிந்தியாவில் உடுத்தும் துணிக்கு ஏற்ற மெல்லிய கம்பளி தரும் சொந்த இனம் என்றால் இதுதான்.

உதகையிலிருந்து மைசூர் போகும் சாலையில் சாண்டிநல்லா என்ற இடத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறி இனவிருத்தி ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைப் பேணி வருகிறது. அங்கேயே நீலகிரி ஆட்டோடு மெரினோ ரத்தத்தை எட்டில் ஐந்து பங்கு சேர்த்து சாண்டினோ என்ற கலப்பையும் உருவாக்கினார்கள். கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம் வைத்திருப்பது பாரத் மெரினோ. முக்கால் பங்கு அயல் ரத்தம், இன்னும் மெல்லிய ரோமம். மன்னவனூர்ப் புல்வெளியைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த ஆடுகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். ரோமத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நீலகிரி ஆடு வெளியே விவசாயிகளிடம் மிகக் குறைந்துவிட்டது. புல்வெளிகள் தேயிலையாகவும், வாட்டில், யூகலிப்டஸ் தோப்பாகவும் மாறியபின் மேய இடமில்லை. ரோமத்துக்கு விலையில்லை என்றான பிறகு வளர்க்கவும் காரணம் இல்லை. என் பயம் இதுதான்: ஆராய்ச்சி நிலையம் ஓர் இனத்தின் ரத்தத்தைக் காப்பாற்றும், ஆனால் அதன் ரோமத்தை நூற்கும் கை வெளியே இல்லாமல் போனால் அந்த ஆடு எதற்காக இருக்கிறது என்பது மறந்துபோகும். அமெரிக்காவில் அருகிவரும் இனங்களைக் காக்கும் ஓர் அமைப்பு 2019இல் ஒரு திட்டம் தொடங்கியது. நூற்பவர்களுக்கு ஒரு கையேடு; அரிய இன ஆட்டின் ரோமத்தை வாங்கினால் வளர்ப்பவர் அதில் ஒட்ட ஒரு முத்திரை கொடுப்பார். பள்ளிப் பிள்ளைகள் தபால்தலை சேர்ப்பது போல, பெரியவர்கள் இனம் இனமாகத் தேடி ரோமம் வாங்கத் தொடங்கினார்கள். தூக்கி எறிந்துகொண்டிருந்த ரோமத்துக்கு ஒரு விலை வந்தது. நம் மூன்று இனங்களுக்கும் இப்படி ஒன்றைச் செய்ய அரசாணை எதுவும் தேவையில்லை.

மலையில் கொஞ்சம் புல் நிலம் இருந்து, எனக்கு எந்த ஆடு என்று யாராவது கேட்டால் என் பதில்: நான்கு நீலகிரிக் கிடா, காயடித்தது, இரண்டு பெண் ஆடு. திருச்சி, பெரம்பலூர்ப் பக்கம் என்றால் கறுப்புக் குறும்பாடு; ஸ்வெட்டர் ஆசையை விட்டுவிட்டுக் கம்பளிக்கும் விரிப்புக்கும் கையைப் பழக்குங்கள். சமவெளியில் இருந்துகொண்டு மெரினோ ஓட்டி வர நினைப்பவர்கள் அந்த ஆட்டுக்குப் பெரிய கொடுமை செய்கிறார்கள். வளர்ப்பவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஆண்டுக்கு இரண்டு முறை கத்தரிக்கும் வழக்கம். நூற்பதற்கு அந்த ஆறு மாத இழை குட்டையாகப் போய்விடும். ஓராண்டு வளரவிட்டு, கோடை நுழைவதற்குள் ஒரே முறை கத்தரிக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். அதற்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம்.

ஆனால் ஆட்டை வாங்குவதற்கு முன்னால் ரோமத்தை வாங்க வேண்டும். சில பட்டிகளில் கத்தரிக்கும் நாள் எது என்று கேட்டுவைத்துக்கொண்டு, ஒரு சுத்தமான துணிச் சாக்கோடு விடியலில் அந்தந்தப் பட்டிக்குப் போய்விடுங்கள். வெட்டிய ரோமம் தரையில் விழுந்து சருகும் முள்ளும் ஒட்டுவதற்குள் கீழே ஒரு படுதா விரித்துவிடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை கத்தரி ஓட்டினால் துணுக்குகள் சேரும், அவை நூலில் முடிச்சாக உட்காரும். அதை வெட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தோள்பட்டை ரோமத்தைத் தனியாக எடுங்கள், ஆட்டின் உடம்பிலேயே நல்ல ரோமம் அங்கேதான். விலாவை அடுத்தும், தொடையைக் கடைசியிலும் எடுங்கள். மூன்றையும் தனித்தனி முடிச்சாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கதிர் நிறைய நூற்றுப் பாருங்கள். ஒரு மழைக்காலம் போதும். கை தயங்காமல் மறுபடி எந்த ஆட்டின் முடிச்சைத் தேடிப் போகிறதோ, அந்த ஆட்டுக்காரரிடம் போய் விலை கேளுங்கள்.